தாய்க்குப் பெயர் எழுதாத பதிவேடு: டெக்சஸ் பண்ணைக் குதிரைகளின் தொலைந்த வம்சத்தைத் தேடுவது

குறுந்தூர ஓட்டத்துக்கும் பண்ணை வேலைக்கும் பெயர்போன குவார்ட்டர் ஹார்ஸ் ரகத்துக்கான அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷன் 1940 மார்ச்சில் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கியபோது, வம்சப் பதிவேட்டின் முதல் எண்ணை யாருக்கும் தராமல் நிறுத்தி வைத்தார்கள். 1941இல் அதே ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் எந்தப் பொலிகுதிரை முதலிடம் பிடிக்கிறதோ, அதற்குத்தான் பி-1. தெற்கு டெக்சஸின் பெரிய பண்ணையான கிங் ரான்ச்சின் விம்பி ஜெயித்தது.

விம்பியின் தந்தை சோலிஸ், தாய் பாண்டா. இரண்டுமே ஓல்டு சாரல் என்ற ஒரே பொலிகுதிரைக்குப் பிறந்தவை. ஓல்டு சாரலின் தந்தை ஹிக்கரி பில், அதன் தந்தை பீட்டர் மெக்யூ. இதுவரை சிக்கல் இல்லை. ஓல்டு சாரலின் தாய் யார் என்று கேட்டால்தான் தடுமாற்றம். 'டாக்டர் ரோஸ் குதிரை' என்று மட்டும் இருக்கிறது. கென்டக்கியிலிருந்து வந்த தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை ரகம், என்று சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

பீட்டர் மெக்யூவின் பக்கம் போனால் வேறு விதமான சிக்கல். 1895இல் இல்லினாய் மாநிலத்தின் பீட்டர்ஸ்பர்க்கில் சாமுவேல் வாட்கின்ஸ் பண்ணையில் பிறந்த குதிரை அது. தரோபிரெட்களைப் பதியும் ஜாக்கி கிளப்பின் ஏட்டில் தந்தை ட்யூக் ஆஃப் ஹைலேண்ட்ஸ் என்று ஒரு தரோபிரெட். பிற்காலத்தில் விசாரித்தவர்கள் கண்டது வேறு: தந்தை டான் டக்கர், அதே பண்ணையில் நின்ற குறுந்தூர ஓட்டக் குதிரை. தரோபிரெட் பதிவு இல்லாமல் பெரிய மைதானங்களில் ஓட விடமாட்டார்கள். அதனால் காகிதத்தில் தந்தை மாறினார். குவார்ட்டர் ஹார்ஸ் பதிவேடு டான் டக்கரைத்தான் ஏற்றுக்கொண்டது. 1948க்கு முன் பதிவான 11,510 குதிரைகளில் 2,304 குதிரைகள் நேர் ஆண்வழியில் பீட்டர் மெக்யூவில் போய் முடிகின்றன என்று கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரு பொய்ப் பதிவு எத்தனை குதிரைகளைத் தொடுகிறது என்று பாருங்கள்.

ஆக, முதல் எண் வாங்கிய குதிரையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து படி பின்னால் நடந்தாலே ஒரு பக்கம் பெயரில்லாத தாய், இன்னொரு பக்கம் மாற்றி எழுதப்பட்ட தந்தை. தந்தை மாறியது பரபரப்பான கதை என்பதால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். உண்மையில் வம்சங்கள் தொலைவது பெரும்பாலும் முதல் வகையில்தான், பெட்டைக்குதிரையின் இடத்தில்.

இதற்குக் காரணம் பண்ணை நடந்த விதம். தெற்கு டெக்சஸில் ஒரு பொலிகுதிரையையும் இருபது, இருபத்தைந்து பெட்டைகளையும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் விட்டு வேலியடைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு மனாடா என்று பெயர். மாடு மேய்ப்பவர்கள் ஏறி ஓட்டும் காயடித்த குதிரைகளின் கூட்டம் வேறு, அது ரெமுடா. ரெமுடாவில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, காலையில் பெயர் சொல்லித்தான் கயிறு வீசிப் பிடிப்பார்கள். பொலிகுதிரைக்கும் பெயர் உண்டு, ஏனென்றால் அது விலைக்கும் வாடகைக்கும் போகும் சரக்கு. மனாடாவில் நிற்கும் பெட்டையை யாரும் ஏறுவதில்லை, பந்தயத்தில் ஓட்டுவதில்லை, கூப்பிடவும் தேவையில்லை. அதற்கு இருந்தது சூட்டுக்குறியும் நிறமும் மட்டும். குட்டியை விற்கும்போது "இன்ன பொலிகுதிரையின் குட்டி, இன்னார் குதிரைக்குப் பிறந்தது" என்றால் வாங்குபவருக்குப் போதும். 1940களில் பதிவு எழுத உட்கார்ந்தபோது அந்த "இன்னார் குதிரை" அப்படியே ஏட்டில் ஏறியது.

முதல் உலகப் போருக்குப் பின் ராணுவத்துக்குக் குதிரை திரட்டும் ரீமவுண்ட் சேவை பண்ணைகளுக்குப் பொலிகுதிரைகளைக் கொடுத்து வைத்தது. அவை பெரும்பாலும் ஜாக்கி கிளப் பதிவுள்ள தரோபிரெட்கள், அதனால் அந்தக் குட்டிகளுக்குத் தந்தைப் பக்கம் திடமாக இருக்கும். தாய்ப் பக்கம் அங்கேயும் அதே பழைய கதைதான்.

பெயர் இருக்கிற இடத்தில் வேறு தொல்லை. ஒரே தெருவில் நாலு முருகேசன் இருந்தால் கடைக்கார முருகேசன், வாத்தியார் முருகேசன் என்று பிரிப்போமே, டெக்சஸ்காரர்களும் உடைமையாளர் பெயரை முன்னால் ஒட்டித்தான் குதிரைகளைப் பிரித்தார்கள். லாக்ஸ் ராண்டோ வேறு, சைக்ஸ் ராண்டோ வேறு. முதலாவது ஓல்டு பில்லியின் மகன் வேல்போனுக்குப் பிறந்தது. இரண்டாவது ஓல்டு பில்லியின் இன்னொரு மகன் மெக்காய் பில்லிக்குப் பிறந்தது. பழைய கடிதத்தில் வெறும் 'ராண்டோ' என்று இருந்தால் எது என்று ஊரையும் ஆண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லாக் இருந்தது கைல், சைக்ஸ் இருந்தது நிக்சன்.

கை மாறினால் பெயரும் மாறும். டிராவலர் என்ற பொலிகுதிரைக்கும் ஜென்னி என்ற பெட்டைக்கும் பிறந்த ஒரு குட்டி டெக்சஸில் கிங், அரிசோனாவுக்குப் போனதும் பாசம். அதன் உடன்பிறந்த லிட்டில் ஜோவின் மகன் ஸன்டானான். ஸன்டானானுக்கு 1932இல் பிறந்து முதலில் பட்டன்ஸ் என்று அழைக்கப்பட்ட குட்டிதான் பின்னால் பி-234 எண்ணில் புகழ்பெற்ற இன்னொரு கிங். ஒரே ஆண்வழியில், பெரிய தாத்தா முறையில் ஒரு கிங், பேரன் முறையில் ஒரு கிங். பதிவெண் இல்லாமல் 'கிங்' என்று எழுதிய எந்தக் காகிதத்தையும் நம்பிக் கோடு போடக்கூடாது.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் அதிகம் அடிபட்டது ஸ்டீல் டஸ்ட். 1843இல் கென்டக்கியில் பிறந்து, அடுத்த ஆண்டே மிடில்டன் பெர்ரி, ஜோன்ஸ் கிரீன் இருவரோடும் டல்லஸ் பக்கம் லங்காஸ்டருக்கு வந்தது. பந்தயத்தில் பெயர் வாங்கியபின், கட்டுமஸ்தான பின்னங்கால்களும் பெரிய தாடையும் உள்ள எந்தப் பண்ணைக் குதிரையையும் 'ஸ்டீல்டஸ்ட்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குதிரையின் பெயர் ஒரு ரகத்தின் பெயராகிவிட்டது. அதன்பின் யாராவது "எங்கள் குதிரை ஸ்டீல் டஸ்ட் வம்சம்" என்றால் ரத்தத்தைச் சொல்கிறாரா உடல்வாகைச் சொல்கிறாரா என்று பிரிக்கவே முடியாது. 1880களில் பிறந்த குதிரைக்கு நேர்த் தந்தை ஸ்டீல் டஸ்ட் என்று ஒரு காகிதம் சொன்னால், அந்தப் பொலிகுதிரைக்கு அப்போது முப்பத்தேழு வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். கிழித்துப் போடலாம். பெயரைக் கேட்டுச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது கருஞ்சடை போட்ட செம்பழுப்புக் குதிரை.

ஸ்டீல் டஸ்டின் ரத்தம் உண்மையில் எங்கே போனது என்று பார்த்தால், புகழ் சொன்ன வழியில் இல்லை, மகள் வழியில் இருக்கிறது. ஸ்டீல் டஸ்டின் மகள் ராம் கேட். டென்னசியில் பிறந்து 1849இல் ஜாக் பேட்ச்லரோடு டெக்சஸ் வந்த ஷைலோவுக்கும் ராம் கேட்டுக்கும் பிறந்தது ஓல்டு பில்லி. கோன்சாலஸ் கவுண்ட்டியின் பெல்மாண்ட்டில் வில்லியம் ஃபிளெமிங்கிடம் இருந்த இதன் பிள்ளைகள்தான் 'பில்லி குதிரைகள்'. ஓல்டு பில்லியின் மகன் ஆந்தனி, ஆந்தனியின் மகள் மே மங்கம், மே மங்கத்தின் மகள் ஜென்னி, ஜென்னியின் மகன் லிட்டில் ஜோ, அதன் மகன் ஸன்டானான், அதன் மகன் கிங் பி-234. இந்த வரிசையில் மூன்று இடத்தில் பெட்டை நிற்கிறது. மூன்றில் ஒன்றுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும்.

இதில் எத்தனை ரத்தம் மிஞ்சுகிறது என்று கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பாதி. ராம் கேட்டில் 1/2, ஓல்டு பில்லியில் 1/4, ஆந்தனியில் 1/8, மே மங்கத்தில் 1/16, ஜென்னியில் 1/32. ஜென்னியின் தந்தை சைக்ஸ் ராண்டோவும் ஓல்டு பில்லியின் பேரன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு 1/32 வந்து சேர்கிறது. ஆக ஜென்னியில் 1/16, அவள் வழியாக மட்டும் பார்த்தால் லிட்டில் ஜோவில் 1/32, ஸன்டானானில் 1/64, கிங்கில் 1/128. ஒரு சதவீதம்கூட இல்லை. அதுவும் சராசரி. குரோமோசோம்கள் துண்டு துண்டாகத்தான் கைமாறும் என்பதால் இவ்வளவு தூரத்தில் உண்மையான பங்கு பூஜ்யமாகவும் இருக்கலாம், மூன்று மடங்காகவும் இருக்கலாம். விளம்பரத்தில் "ஸ்டீல் டஸ்ட் ரத்தம்" என்று போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

விம்பியைப் பார்த்தால் நேர் எதிர். தந்தை வழியில் 1/4, தாய் வழியில் 1/4, ஆக ஓல்டு சாரல் மட்டும் பாதி. அரை உடன்பிறப்புகளைச் சேர்த்தால் பிறக்கும் குட்டியின் உள்ளினச் சேர்க்கைக் குணகம், அதாவது இருபக்கமும் ஒரே மூதாதையின் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். பண்ணையை நடத்திய ராபர்ட் கிளெபர்க் இதைத் தெரிந்தே செய்தார், கிங் ரான்ச் மாட்டினத்திலும் இதே முறைதான். இப்படி இறுக்கிய இடத்தில், பெயரில்லாத அந்த டாக்டர் ரோஸ் குதிரைக்கும் விம்பியின் ரத்தத்தில் நாலில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. பதிவேட்டின் முதல் குதிரையில் கால்வாசி ரத்தம் தந்தவளுக்குப் பெயர் இல்லை.

ஒரு உறவை உறுதிசெய்ய வேண்டுமானால் முதலில் நாள்கணக்கு. குதிரையின் சினைக்காலம் சராசரி 340 நாள், 320 முதல் 365 வரை இயல்பு. குட்டி 1910 மார்ச் 10இல் பிறந்தது என்றால் சினை பிடித்தது 1909 ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி. இந்தப் பக்கம் மூன்று வாரம், அந்தப் பக்கம் மூன்று வாரம் என்று ஒரு சாளரம் வைத்துக்கொண்டு, பொலிகுதிரை அந்த நேரத்தில் எந்த ஊரில் நின்றது என்று பார்க்க வேண்டும். அதற்கு உள்ளூர்ச் செய்தித்தாள்தான் கை கொடுக்கும். ஒவ்வொரு வசந்த காலத்திலும் பொலிகுதிரை வைத்திருந்தவர்கள் விளம்பரம் கொடுப்பார்கள்: எந்தப் பண்ணையில் நிற்கும், எந்தக் கிழமை எந்த ஊர், கட்டணம் எவ்வளவு, குட்டி நின்று பால் குடித்தால்தான் கட்டணமா என்பது வரை. வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் இந்தத் தாள்கள் நிறையக் கிடைக்கின்றன. தேடும்போது குதிரையின் பெயரைப் போடுவதைவிட உடைமையாளர் பெயரையும் ஊரையும் போடுவது நல்லது. மங்கிய அச்சை எழுத்தறி மென்பொருள் தப்பாக வாசிக்கும், குதிரைப் பெயர்தான் முதலில் சிதைகிறது.

பிறந்த தேதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. பல பழைய வயதுகள் பல்லைப் பார்த்துச் சொன்னவை. ஒன்பது, பத்து வயது வரை பல் ஓரளவு சரியாகச் சொல்லும். அதற்கு மேல் ஊகம். பத்து வயதுக்கு மேல் விற்ற குதிரையின் பிறந்த ஆண்டு இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் சாளரத்தைப் போட வேண்டும்.

அடுத்தது சூட்டுக்குறி. பெயரில்லாத பெட்டைக்குக் கிடைக்கும் ஒரே முகவரி அதுதான். டெக்சஸில் 1848லிருந்தே குறியைக் கவுண்ட்டி கிளார்க்கிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். எந்த உருவம், உடம்பில் எந்த இடம் என்று இரண்டும் பதிவில் இருக்கும். இடதுதொடையில் போட்டால் ஒருவர், அதே உருவம் இடதுதோளில் என்றால் வேறொருவர். இதைக் கவனிக்காமல் உருவத்தை மட்டும் வைத்துத் தேடித் தப்பான பண்ணைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது தப்பு, கவுண்ட்டி எல்லை. ஓல்டு சாரலைப் பிறப்பித்த பண்ணையார் ஜார்ஜ் கிளெக் இருந்த ஆலிஸ் இன்று ஜிம் வெல்ஸ் கவுண்ட்டி. அந்தக் கவுண்ட்டி 1911இல்தான் உருவானது. கிங்ஸ்வில் இருக்கும் கிளெபர்க் கவுண்ட்டி 1913இல். அதற்கு முந்தைய பதிவுகளைத் தேட வேண்டியது நுயேசஸ் கவுண்ட்டியின் தலைநகர் கார்பஸ் கிறிஸ்டியில். கிங் ரான்ச்சின் ஓடும் டபிள்யூ குறி 1869இல் பதிவானது அந்தக் கவுண்ட்டியில்தான்.

உடைமையாளர் இறந்தபின் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சொத்துப் பட்டியல்கள் நல்ல சுரங்கம். "ஒரு செந்நிறப் பெட்டை, குறி இன்னது, மதிப்பு இத்தனை டாலர்" என்று ஒவ்வொன்றாக எழுதியிருப்பார்கள். மற்ற குதிரைகளைவிட ஒன்றுக்கு மட்டும் மூன்று நான்கு மடங்கு மதிப்புப் போட்டிருந்தால், வம்சத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

நிறம் இலவசமான மரபணுச் சோதனை. இரண்டு செந்நிறக் குதிரைகளுக்குக் கறுப்போ கருஞ்சடைப் பழுப்போ பிறக்காது. அப்படி எழுதியிருந்தால் தந்தையோ தாயோ நிறமோ தப்பு. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் பெற்றோரில் ஒன்றாவது சாம்பலாக இருந்தாக வேண்டும். நரைமயிர் உடம்பெங்கும் கலந்த ரோன் நிறத்துக்கும் அதே விதி.

ரோன் விஷயத்தில் ஜோ ஹேன்காக்கைப் பார்க்கலாம். பீட்டர் மெக்யூவின் மகன் ஜான் வில்கின்ஸுக்குப் பிறந்த குதிரை, தாய் பாதி பெர்ஷரான் என்ற வண்டிக் குதிரை ரகம், அதற்கும் பெயர் இல்லை. பர்னெட் பண்ணைக்குப் போய்ப் பண்ணைக் குதிரைகளின் புகழ்பெற்ற மூலத் தந்தையானது. இன்று ஹேன்காக் குதிரை என்றாலே நீல ரோன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஜோ ஹேன்காக் பழுப்பு நிறம். ரோன் நிறத்தை அது கொடுத்திருக்கவே முடியாது. ரோன் ஹேன்காக் போன்ற மகன்களுக்கு அந்த நிறம் வந்தது பர்னெட் பண்ணையின் ரோன் பெட்டைகளிடமிருந்து. நிறம் தாயுடையது, பெயர் தந்தையுடையது. ரோன் தோலைக் காட்டி ஹேன்காக் வம்சம் என்று விலை சொல்கிறவரிடம் இதை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

நிறத்தில் ஒரு பொறி உண்டு. சாம்பல் குதிரை பிறக்கும்போது கருமையாகவோ செந்நிறமாகவோ இருந்து, ஆண்டுக்கு ஆண்டு வெளுக்கும். இரண்டு வயதில் எழுதிய விற்பனைச் சீட்டில் ரோன் என்றும், எட்டு வயதில் எழுதியதில் சாம்பல் என்றும் இருந்தால் இரண்டு குதிரைகள் என்று அவசரப்பட வேண்டாம். சீட்டு எழுதிய ஆண்டையும் குதிரையின் வயதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டபிறகே ஒப்பிட வேண்டும்.

1940களின் பதிவுகளுக்கும் ஒரு எச்சரிக்கை. ஆய்வாளர் வந்து உடலமைப்பைப் பார்த்து ஏற்றுக்கொண்டால் பதிவு கிடைத்தது, பழைய வம்சம் உடைமையாளர் சொன்னபடி நிரப்பப்பட்டது. அந்தப் பதிவை ஆதாரமாக எண்ணாமல் சாட்சியாக எண்ண வேண்டும். சங்கம் தொடங்குவதற்கு முன்பே கிறிஸ்டோவலில் வில்லியம் ஆன்சன் என்ற ஆங்கிலேயப் பண்ணையார் கடிதம் எழுதியும் நேரில் கேட்டும் இந்த வம்சங்களைச் சேகரித்தார். அவர் 1926இல் இறந்துவிட்டார். பழைய பொலிகுதிரைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடிருந்த காலத்தில் கேட்டவர் என்பதால், ஒரே விஷயத்தில் 1910இல் சொன்னதும் 1945இல் சொன்னதும் முரண்பட்டால் பழையதற்கே எடை கூட.

மரபணுச் சோதனைக்குப் போகும் முன், எந்தச் சோதனை எந்த வழியைப் பார்க்கும் என்று தெளிவாக இருக்க வேண்டும், இங்கேதான் பணம் வீணாகிறது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ தாயிடமிருந்து மட்டும் வரும். ஆண் குட்டிக்கும் இருக்கும், ஆனால் அது தன் பிள்ளைகளுக்குக் கொடுக்காது. டாக்டர் ரோஸ் குதிரையின் தடத்தை ஓல்டு சாரலின் சந்ததியில் தேடினால் கிடைக்காது. ஓல்டு சாரல் ஆண், அதோடு அந்தத் தடம் நின்றுவிட்டது. அதே பெட்டைக்கு வேறு மகள் இருந்து, மகளுக்கு மகள் என்று அறாமல் வந்த வரிசை ஒன்று வேண்டும். வரிசையின் கடைசியில் மட்டும் ஆண் இருக்கலாம்.

ஒய் குரோமோசோம் தந்தை மகனுக்கு மட்டும். கிங் பி-234இல் இருப்பது ஸ்டீல் டஸ்டின் ஒய் இல்லை, டிராவலருடையது. இந்த டிராவலர்தான் இந்தத் தேடலிலேயே சுவையான புதிர். ரயில்பாதை போடும் இடத்தில் மண் வாரும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது கண்டெடுத்த குதிரை, தாயும் தெரியாது தந்தையும் தெரியாது. பின்னர் ஆல்ஃபிரட் ஊரில் ஷெலி சகோதரர்களிடம் நின்றது. பெற்றோர் தெரியாத இதன் ஆண்வழிதான் கிங் மூலமும் கிங்கின் மகன் போகோ புயனோ மூலமும் இன்றுவரை பெருகி நிற்கிறது. குதிரைகளில் ஒய் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் தரோபிரெட்டின் மூல ஆண்வழிகளைப் பிரித்தறியும் அளவுக்கு அடையாளங்கள் கண்டிருக்கிறார்கள். டிராவலரின் தந்தை அந்த வழிகளில் சேருமா என்று பார்க்க அது போதும். தனிப்பட்ட தந்தையின் பெயரைச் சொல்லாது.

நோய் மரபணுக்களும் தடம் காட்டும், ஆனால் எல்லாமே காட்டாது. தோல் பிய்ந்து வரும் ஹெர்டா என்ற நோய் போகோ புயனோ வம்சத்தோடு பிணைந்திருக்கிறது. ஒரு குதிரை அதைச் சுமந்தால் காகிதத்தில் அந்தப் பெயரை இருபக்கமும் தேடிப் பார்ப்பது நியாயம். தசைகளில் சர்க்கரை சேரும் பி.எஸ்.எஸ்.எம் முதல் வகை அப்படியில்லை. பெல்ஜியன், பெர்ஷரான் போன்ற வண்டிக் குதிரைகளிலும் குவார்ட்டர் ஹார்ஸிலும் பரவிக் கிடக்கும் மிகப் பழைய பிறழ்வு அது. ஹேன்காக் குதிரையில் அது இருந்தால் உடனே அந்தப் பெர்ஷரான் பாட்டியின் தலையில் கட்டுவது தவறு.

மாதிரி எடுப்பது எளிது. பிடரியிலோ வாலிலோ இருபது முப்பது மயிரை விரலில் சுற்றி வேரோடு பிடுங்க வேண்டும், கத்தரிக்கக்கூடாது. காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வேரில்லாத பழைய மயிர்த் துணுக்கு மட்டும் கிடைத்தால் அதிலிருந்து பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாதான் கிடைக்கும், ஆக அது தாய்வழிக் கேள்விக்கு மட்டும் உதவும்.

ஒய் சோதனைக்கு ஒரு குதிரை போதாது. நடுவில் எங்கோ வேலி தாண்டிய வேறு பொலிகுதிரை தந்தையாகியிருந்தால் ஒற்றை மாதிரியில் அது தெரியாது. லிட்டில் ஜோவின் மகன் ஸன்டானான் வழியில் ஒரு ஆண், இன்னொரு மகன் ஜோ மூர் வழியில் ஒரு ஆண், இரண்டையும் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் லிட்டில் ஜோவின் ஒய் கிடைத்துவிட்டது. டிராவலர் வரை போக வேண்டுமானால் லிட்டில் ஜோ அல்லாத மகன் வழியில், பாசம் போன்றவற்றின் ஆண் சந்ததியில், ஒன்று வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பிசகு எந்தக் கிளையில் என்று அறிய மூன்றாவது கிளையின் மயிர் வேண்டியிருக்கும்.